கையை இழந்தவருக்கு மூளைச் சிப் வேண்டுமா?

கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்திலோ கதிரடிக்கும் இயந்திரத்திலோ கையை இழந்து, மதுரையில் நான் பணிபுரியும் செயற்கை அவயவக் கூடத்திற்கு வருபவர்கள், “மூளையில் சிப் வைத்தால் நினைத்தபடி கை அசையுமாமே?” என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கருவியை முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் பொருத்திய செய்தி கைப்பேசிகளில் பரவியதன் விளைவு இது. அவரோ கையை இழந்தவர் அல்லர். கழுத்தில் தண்டுவடம் பழுதுபட்டதால், கைகள் இருந்தும் அசைக்க இயலாதவர்.

அசைவுக்கான கட்டளை மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்புகளுக்கும், அங்கிருந்து தசைக்கும் செல்கிறது. தண்டுவடம் சிதைந்தவருக்கு அது கழுத்தோடு நின்றுவிடுவதால் மூளையிலேயே அதைப் பிடிக்க வேண்டியுள்ளது. பிரெயின்கேட் என்ற அமெரிக்க ஆய்வுக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்தால் கைகால்கள் செயலிழந்த ஒரு பெண்மணி, மூளையில் பதித்த 96 மின்முனைகள் கொண்ட சிறு தகட்டின் துணையால் இயந்திரக் கையை இயக்கித் தாமே காபி அருந்தினார். வியப்பான சாதனைதான், ஆயினும் அதற்கு மண்டையைத் திறந்தாக வேண்டும், தொற்று அபாயம் உண்டு, மின்முனைகளைச் சுற்றித் தழும்பு வளர வளரச் சமிக்ஞையும் மங்கக்கூடும். தலைப்பட்டையாக அணியும் கருவிகளுக்கு அறுவை தேவையில்லை என்றாலும், மண்டையோட்டைத் தாண்டி வரும் அலைகள் கலங்கிவிடுவதால் விரல் விரலாக இயக்குவதற்கு அவற்றை நம்ப முடியாது.

முழங்கைக்குக் கீழே கையை இழந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டளை எஞ்சிய தசைவரை இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தெருக்குழாயில் வரும் தண்ணீரைப் பிடிக்க யாராவது வைகை அணைக்குக் குடத்தோடு போவார்களா? தோலின்மேல் படியும் மின்முனைகளால் அத்தசையின் மின்னலையை உணர்ந்து, விரல்களைத் திறந்து மூடும் மயோஎலெக்ட்ரிக் கை பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. தோளோடு கை போனவர்களுக்கும், துண்டான நரம்புகளை மார்புத் தசைகளில் இணைத்து அங்கிருந்து சமிக்ஞை பெறும் அறுவை முறையைச் சிகாகோவில் மருத்துவர் டாட் குய்க்கன் குழுவினர் உருவாக்கியுள்ளனர்.

எனக்குக் கவலை தருவது, சிப் வரட்டும் என்று காத்திருந்து மாதங்களைக் கடத்துவதுதான். அதற்குள் எஞ்சிய தசை மெலிந்துவிடும். ஒற்றைக் கையால் வேலை செய்து பழகியவர் செயற்கைக் கையை ஏற்கவும் தயங்குவார். புண் ஆறியதும் வீக்கம் வடிய மருத்துவர் சொல்லும் விதத்தில் கட்டுப் போடுவதும், இல்லாத விரல்களை மடக்கி விரிப்பதாக எண்ணித் தசைக்குப் பயிற்சி தருவதும் உடனே தொடங்கவேண்டியவை.

மயோஎலெக்ட்ரிக் கையும் எல்லாருக்கும் ஏற்றதன்று. மேலூர்ப் பக்கம் வயல்வேலை செய்பவருக்கு, நம் ஊர் வெயிலில் சாக்கெட்டுக்குள் (எஞ்சிய கையை நுழைக்கும் உறை) ஊறும் வியர்வையே மின்முனைகளைத் தடுமாறச் செய்துவிடும் என்பதால், தோள் அசைவில் கம்பி இழுத்து இயங்கும் கொக்கிக் கையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். பார்க்க அழகாக இராது, ஆனால் சேற்றுக்கும் தண்ணீருக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். செலவைக் கண்டு தயங்குபவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் முறையை முதலில் விசாரித்துக்கொள்ளலாம்.