ரேடார் டிடெக்டர்: தினமும் ஓட்டுற காருக்கு தேவையா?

போலீஸோட வேகம் அளக்குற ரேடார் அலையைப் புடிச்சு டிரைவரை முன்கூட்டியே எச்சரிக்கிற சின்னக் கருவிதான் ரேடார் டிடெக்டர். முதல்லயே என் பதிலை சொல்லிடறேன். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போயிட்டு வர்ற சாதாரண காருக்கு ரேடார் டிடெக்டர் வேண்டாம். ஆனா இதையே சிலர் "அது சும்மா ஏமாத்து, ஒண்ணும் வேலை செய்யாது"ன்னு சொல்றாங்க பாருங்க, அதை ஒத்துக்க முடியாது, ஏன்னா அது உண்மையிலேயே அருமையான ரேடியோ கருவி. ஆனா ரேடாரே இல்லாம வேகத்தை அளக்குற வழிகள் இப்ப நிறைய வந்துருச்சு, ரேடார் இருக்கிற அதே அலைவரிசைல வேற என்னென்னவோ சாதனங்களும் வந்து உக்காந்துடுச்சு. ரெண்டுமே டிடெக்டரால சரி பண்ண முடியாத விஷயம்.

போலீஸ் ரேடாரால வேகத்தை அளக்குற ஸ்பீட் கன் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். 1842-ல கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன தத்துவம்தான், நகர்ற பொருள்ல பட்டு திரும்பி வர்ற அலையோட அதிர்வெண் கொஞ்சம் மாறும். கிட்ட வந்தா கூடும், தள்ளிப் போனா குறையும். போலீஸ் கன் 24.15 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு மைக்ரோவேவ் அனுப்புதுன்னு வச்சுக்கோங்க, மணிக்கு 100 கிலோமீட்டர்ல எதிர்ல வர்ற கார்ல பட்டு அது திரும்பி வரும்போது சுமார் 4,470 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். 2,415 கோடி ஹெர்ட்ஸ்ல வெறும் 4,470, இதை எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னு தோணும். போற அலையையும் வர்ற அலையையும் கன்னுக்குள்ளயே கலந்தா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தனியா வெளிய வந்துடும், அது மனுஷன் காதுக்கே கேக்குற அளவு அதிர்வெண், அதனால நிறைய கன்ல அந்த சத்தத்தை ஸ்பீக்கர்லயும் விடுவாங்க. மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு கிட்டத்தட்ட 45 ஹெர்ட்ஸ்னு கணக்குப் போட்டா வேகம் வந்துரும். பக்கவாட்டுல சாய்வா நின்னு அளந்தா நிஜ வேகத்தை விட கம்மியாதான் காட்டும், 20 டிகிரி சாய்வுக்கு 6 சதவீதம் குறையும்.

அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம் கிளாஸ்டன்பரில 1947-ல இதை சோதிச்சுப் பாத்தாங்க, 1949-ல ஃபைன் போடவும் ஆரம்பிச்சாங்க. 1974-ல பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காக நாடு முழுக்க வேக வரம்பை 55 மைலுக்கு, அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்கு இறக்கினப்பதான் டிடெக்டருக்கு மவுசு வந்துச்சு. ஆரம்பத்துல வந்த டிடெக்டர்கள் ரொம்ப மந்தமான ரிசீவர், 1978-ல சின்சினாட்டி மைக்ரோவேவ் கம்பெனி எஸ்கார்ட்னு ஒரு மாடலை சூப்பர்ஹெட்ரோடைன்ங்கற, ரொம்ப மெல்லிசான சிக்னலையும் புடிக்கிற ரிசீவரோட கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் டிடெக்டர் ரொம்ப தூரத்துலயே ரேடாரை புடிக்க ஆரம்பிச்சது.

இவ்வளவு தூரத்துல எப்படி புடிக்குதுங்கறதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப புடிச்ச பகுதி. மலை முன்னாடி நின்னு ஒருத்தர் கத்துறார், எதிரொலி அவர் காதுக்கு வர்றதுக்கு சத்தம் போயிட்டு திரும்பணும், வர்றதும் தேஞ்சுதான் வரும், ஆனா மலையடிவாரத்துல நிக்கிறவருக்கு அதே குரல் முன்னாடியே, நல்லா பலமா கேட்டுடும். போலீஸ் கன் அந்த எதிரொலியைதான் நம்பியிருக்கு, டிடெக்டர் மலையடிவாரத்துல நிக்குது. கணக்குல சொன்னா, தூரம் ரெண்டு மடங்கானா டிடெக்டருக்கு வர்ற சிக்னல் நாலுல ஒரு பங்காகும், ஆனா கன்னுக்கு திரும்பி வர்ற எதிரொலி பதினாறுல ஒரு பங்காயிடும். மூணு மடங்கானா ஒண்ணு ஒன்பதுல ஒரு பங்கு, இன்னொண்ணு எண்பத்தொண்ணுல ஒரு பங்கு. அதனால கன் உங்க வேகத்தை படிக்கவே முடியாத தூரத்துல டிடெக்டர் கத்த ஆரம்பிச்சுடும். வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரேடார் கூட முன்னாடி போற லாரிலயும் பாறைலயும் பட்டு சிதறி வந்து டிடெக்டருக்கு தெரியும்.

டிடெக்டருக்கு உள்ள பாத்தா புனல் மாதிரி ஒரு சின்ன ஹார்ன் ஆன்டெனா, பக்கத்துல தானே அலை உண்டாக்குற ஒரு ஆசிலேட்டர். அது தன்னோட அதிர்வெண்ணை மேலயும் கீழயும் நகர்த்திக்கிட்டே போலீஸ் ரேடார் பயன்படுத்துற எக்ஸ், கே, கேஏங்கற அலைவரிசைகளை, அதாவது பேண்டுகளை, துழாவும். எக்ஸ் பேண்ட்ல 10.525 கிகாஹெர்ட்ஸ், கே பேண்ட்ல 24.15, கேஏ பேண்ட் 33.4-லேர்ந்து 36 வரைக்கும். உங்க வேகம் என்னன்னு டிடெக்டருக்கு தெரிய வேண்டியதே இல்ல, அந்த இடத்துல அலை இருக்கா இல்லையா, எவ்வளவு பலமா இருக்கு, அவ்வளவுதான்.

இந்த அனுகூலம் பூரா எப்ப செல்லும்னா, கன் தொடர்ந்து ஆன்லயே இருக்கும்போது மட்டும்தான். போலீஸும் இதை சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாங்க, ஸ்டாண்ட்பைல வச்சுட்டு வண்டி கிட்ட வந்தப்புறம் ட்ரிகரை அமுக்குனா ஒரு செகண்டுக்குள்ள வேகம் கைல கிடைச்சுடும், டிடெக்டர் அப்ப கத்தி என்ன பிரயோஜனம். முன்னாடி போற வேற யாரையாவது அவங்க அளந்திருந்தா அந்த சிதறல் உங்களுக்கு எச்சரிக்கையா வரும், காலியான ரோட்ல நீங்கதான் முதல் வண்டின்னா ஒண்ணும் கிடைக்காது.

லேசர் கன் இன்னும் மோசம். ரேடார் பீம் ஒரு 12 டிகிரி அகலம்னு எடுத்தா 300 மீட்டர்ல 60 மீட்டருக்கு மேல விரிஞ்சிருக்கும், நாலு லேன்ல இருக்கிற டிடெக்டர் எல்லாத்துக்கும் கேக்கும். லேசர் அதே தூரத்துல ஒரு மீட்டர்தான் விரியும், நேரா உங்க நம்பர் பிளேட் மேல வந்து விழும், பக்கத்து வண்டிக்கு கூட தெரியாது. 904 நானோமீட்டர் அகச்சிவப்பு துடிப்புகள், 300 மீட்டர் போயி திரும்பி வர 2 மைக்ரோசெகண்ட், தூரம் எப்படி குறைஞ்சுகிட்டு வருதுன்னு பாத்து செகண்டுல மூணுல ஒரு பங்குக்குள்ள வேகத்தை சொல்லிடும். அதுக்குள்ள 100 கிலோமீட்டர்ல போற கார் 9 மீட்டர்தான் நகர்ந்திருக்கும், டிரைவர் சத்தத்தை கேட்டு பிரேக் மேல கால் வைக்கவே அதை விட அதிக நேரம் ஆகும். டிடெக்டர்ல "லேசர்"னு வந்தா, உங்களை ஏற்கனவே அளந்தாச்சுன்னு அர்த்தம்.

ரோட்டுக்கு அடியில கம்பிச்சுருள் பதிச்சு அளக்குற கேமரா இருக்கு, அது ரேடார் அலையே அனுப்பாது. சராசரி வேக கேமரா இன்னும் சுலபம், ஒரு இடத்துல நம்பர் பிளேட்டை படிக்கும், 10 கிலோமீட்டர் தள்ளி திரும்ப படிக்கும், நடுவுல 5 நிமிஷம்தான் ஆச்சுன்னா 120-ல வந்திருக்கீங்க. எவ்வளவு விலை உயர்ந்த டிடெக்டர் வச்சிருந்தாலும் இங்க அது கம்முனுதான் இருக்கும்.

சாதாரண காருக்கு வேண்டாம்னு நான் சொல்றதுக்கு பெரிய காரணம் பொய் அலாரம். கடைகள்ல தானா திறக்குற கதவு இருக்குல்ல, அதுல நிறைய எக்ஸ் பேண்ட் இல்ல கே பேண்ட் சென்சார்தான். அது போதாதுன்னு பல கார்கள்ல பிளைண்ட் ஸ்பாட் வார்னிங்குக்கு, அதாவது கண்ணாடில தெரியாத இடத்துல வர்ற வண்டியை எச்சரிக்க, பின் பம்பர்ல 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வச்சிருக்காங்க, அது கே பேண்ட் ஸ்பீட் கன்னுக்கு அப்படியே பக்கத்து வீடு. ஜிபிஎஸ் உள்ள டிடெக்டர், கடைக்கதவு மாதிரி ஒரே இடத்துல இருக்கிறதை ஞாபகம் வச்சு ஒதுக்கிடும், ஆனா கூடவே ஓடுற காரை எந்த இடம்னு ஞாபகம் வைக்கிறது? ஃபில்டர் போட்டா பொய் அலாரம் குறையும், கூடவே நிஜ ரேடாரும் கொஞ்சம் தாமதமா தெரியும், இதுல தப்பிக்க வழி இல்ல. புதுசா வர்ற கார்கள்ல நிறைய 76-லேர்ந்து 81 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போயிடுச்சு, டிடெக்டர் அங்க பாக்குறதே இல்ல, அது நல்லதுதான், ஆனா பழைய கார்கள் ரோட்ல இன்னும் பல வருஷம் ஓடும். ஊருக்குள்ள தினமும் கத்துற கருவியை மனசு தானா அலட்சியம் பண்ண ஆரம்பிச்சுடும், நிஜமா கத்துற அன்னைக்கும் கை மியூட் பட்டனுக்குதான் போகும்.

இதையும் மீறி வாங்குறவங்க ரெண்டு விஷயம் பாத்துக்கணும். வெயிலைத் தடுக்க மெல்லிசா உலோகப் பூச்சு போட்ட விண்ட்ஷீல்டுன்னா மைக்ரோவேவ் உள்ள வர்றதே கஷ்டம், காசு தண்டம். அடுத்தது சட்டம். அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல சொந்தக் கார்ல வச்சுக்கலாம், வர்ஜீனியாலயும் வாஷிங்டன் டிசிலயும் கூடாது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன்ல மட்டும் அனுமதி, ஆஸ்திரேலியாவுல மேற்கு ஆஸ்திரேலியால மட்டும், ஜெர்மனிலயும் பிரான்ஸ்லயும் பயன்படுத்தினா குத்தம். ஒளிச்சு வச்சா தெரியாதுன்னு நினைக்காதீங்க, அந்த ஆசிலேட்டர்லேர்ந்து கொஞ்சம் அலை வெளிய கசியும், அதை வச்சே டிடெக்டரை கண்டுபிடிக்கிற கருவி போலீஸ்கிட்ட இருக்கு, விஜி-2ன்னு பேரு, 11.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல தேடும். ரேடாரை குழப்புற ஜாமர் வேற விஷயம், அமெரிக்காவுலயே அது குத்தம், அந்தப் பக்கமே போகாதீங்க.

அனுமதி இருக்கிற ஊர்ல, நீளமான ஹைவேல, ஆன்லயே வச்சிருக்கிற கேஏ பேண்ட் ரேடார் அதிகமா உள்ள பகுதில தினமும் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு நல்ல டிடெக்டர் உதவும், அதை நான் மறுக்கல. மத்தவங்களுக்கு தேவை வேற. வேக வரம்பு எங்க மாறுச்சுன்னு தெரியாம 10 கிலோமீட்டர் அதிகமா போயி மாட்டுறதுதான் தினமும் ஓட்டுறவங்களோட பிரச்சினை, அதுக்கு போன்ல இருக்கிற மேப்ல வேக வரம்பு எச்சரிக்கையை ஆன் பண்ணினா போதும், அது ரேடாருக்கும் லேசருக்கும் சராசரி கேமராவுக்கும் ஒரே மாதிரி உதவும். நிறைய கார்ல ஸ்பீட் லிமிட்டர் பட்டன் ஸ்டீயரிங்லயே இருக்கு, யாரும் தொடுறதே இல்ல. ஐரோப்பிய யூனியன்ல 2024 ஜூலைலேர்ந்து விக்கிற புது கார் எல்லாத்துலயும் போர்டை கேமராவால படிச்சோ மேப்பை பாத்தோ வரம்பு மீறினா எச்சரிக்கிற வசதி கட்டாயம், உங்க கார்ல அது ஏற்கனவே இருக்கான்னு மேனுவலை எடுத்து ஒரு தடவை பாருங்க.