அத்தையின் பத்திரமும் இரண்டு பூட்டுகளும்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அத்தை வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து, பாஸ்வேர்டு போட்டு எனக்கு மெயிலில் அனுப்பினாள். பின்னாலேயே ஃபோன்: "ஏல, பூட்டியாச்சு. சாவிய எப்படிலே அனுப்ப?"

அதே மெயிலில் பாஸ்வேர்டையும் எழுதினால் பூட்டியதே வீண். அத்தை ஃபோனில் சொல்லிவிடலாம், சரி. முன்பின் பார்த்திராத வங்கிக் கணினியிடம் நம் செல்பேசி எப்படிச் சொல்லும்?

பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி என்றால் அது சமச்சீர் குறியாக்கம். 2001-இல் அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்ட ஏஇஎஸ் இந்த வகை. படு வேகமானது, பெரிய கோப்பையும் சட்டென்று பூட்டும். சாவியைக் கொண்டு சேர்ப்பதுதான் பாடு. 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ அந்தப் பாட்டைத் தீர்த்தது. பூட்டும் சாவியை ஊருக்கே கொடுக்கலாம், அதுதான் பொதுச் சாவி. திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும். ஆனால் அது மெதுவானது. 2048 பிட் ஆர்எஸ்ஏயில் ஒரு தடவைக்கு 256 பைட்டுக்கு மேல் போகாது. பத்திரத்தின் ஒரு பக்கப் படம்கூட அதில் அடங்காது.

ஆகவே இரண்டையும் சேர்த்து நெய்கிறார்கள். அத்தையின் செல்பேசி 32 பைட்டில் ஒரு புதுச் சாவியை உருவாக்கி, பத்திரத்தை ஏஇஎஸ்ஸால் பூட்டும். அந்தக் குட்டிச் சாவியை மட்டும் என் பொதுச் சாவியால் ஆர்எஸ்ஏயில் பூட்டும். இரண்டும் சேர்ந்தே பயணம் போகலாம். பத்தமடைப் பாயில் பாவு நூலுக்கு ஊடே கோரை ஓடுகிற மாதிரிதான். நூல் கோரையைப் பிடித்து நிறுத்துகிறது, பரப்பை நிரப்புவது கோரை.

அப்படியானால் ஒரே பூட்டையே இரண்டு தடவை போட்டால் பலம் இரட்டிப்பாகுமா? பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். டிஇஎஸ் என்ற பழைய முறையில் சாவி 56 பிட். இரண்டு வெவ்வேறு சாவியால் இரண்டு தடவை பூட்டினால் 112 பிட் பலம் வரும் என்று தோன்றும். வராது. பாளையங்கோட்டையிலிருந்து ஒருவனும் டவுனிலிருந்து ஒருவனும் கிளம்பி, நடுவில் சுலோசனா முதலியார் பாலத்தில் சந்திப்பதாக வையுங்கள். ஒரு செய்தியும் அதன் பூட்டிய வடிவமும் கையில் சிக்கினால் போதும். திருடன் செய்தியை முன்பக்கமிருந்து எல்லாச் சாவிகளாலும் பூட்டிப் பட்டியல் போடுவான். பூட்டிய வடிவத்தைப் பின்பக்கமிருந்து எல்லாச் சாவிகளாலும் திறந்து பார்ப்பான். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் இரண்டு சாவியும் அகப்பட்டுவிடும். பட்டியலை வைக்க ஏராளமான நினைவகம் வேண்டும். ஆனால் கணக்கிடும் வேலை 57 பிட் அளவுதான், அதாவது ஒரே சாவியைத் தேடுவதைப் போல இரண்டு மடங்கு மட்டுமே. 56 பிட்டையோ 1998-இல் ஒரே ஒரு தனி இயந்திரம் மூன்று நாளுக்குள் உடைத்துவிட்டது.

அடுக்குவதானால் வேறு வேறு கணிதத்தை அடுக்க வேண்டும். குவாண்டம் கணினி பெரிதாக வளர்ந்தால் ஆர்எஸ்ஏயும், அதைப் போலவே இன்னொரு பொதுச் சாவி முறையான நீள்வட்ட வளைவு முறையும் உடையும். 2024-இல் தரமாக்கப்பட்ட எம்எல்-கெம் என்ற சாவி பரிமாறும் முறை அதைத் தாங்குவதற்காக வந்தது. ஆனால் அது புதுசு. பழைய முறைகள் அளவுக்கு அடிபட்டுத் தேறவில்லை. அதனால் இன்றைய உலாவிகள் நீள்வட்ட வளைவு, எம்எல்-கெம் இரண்டிலும் தனித்தனி ரகசியம் எடுத்து, கலந்து ஒரே சாவியாக்குகின்றன. திருடன் இரண்டு கணிதத்தையும் உடைத்தால்தான் உள்ளே வரலாம். இந்தக் கலவைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

இன்னொரு ஓட்டை பாக்கி. நான் அனுப்பும் பொதுச் சாவியை நடுவில் ஒருவன் மாற்றிவிட்டால்? வலைத்தளங்களுக்கு, சாவி அவர்களுடையதுதான் என்று உறுதி சொல்லும் சான்றிதழ் இருக்கிறது. அத்தைக்கு நான்தான். அடுத்து வில்லங்கச் சான்று அனுப்புவதற்கு முன்னால் சாவியின் கைரேகை எண்களை, அதாவது சாவியிலிருந்து கணக்கிட்ட சிறு அடையாளத்தை, ஃபோனில் ஒப்பிட்டோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் இங்கே டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.