ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நிற்க வேண்டியதில்லை

எங்கள் ஓட்டக் குழுவில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர், நாற்பத்தாறு வயதில், சென்னையில் தன் முதல் ஃபுல் மாரத்தானை ஐந்து மணி ஐம்பது நிமிடத்தில் ஓடி முடித்தார். மெடலை வாங்கிக்கொண்டு சிரித்தபடி நடந்துதான் போனார். இருபது நிமிடம் கழித்து அவருடைய கணவர் மருத்துவக் கூடாரத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது, தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றார், இரண்டு முறை வாந்தி எடுத்தார், என்னைப் பார்த்து "நீ எப்ப வந்தே?" என்று மூன்று தடவை கேட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு அவருடைய காரில்தான் நான் வந்திருந்தேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் நம் குழு ஆட்கள். "டீஹைட்ரேஷன்தான் டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, சரியாயிடும்" என்றார் ஒருவர். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை அவர் வாயருகே கொண்டுபோனார், நான் தடுத்துவிட்டேன். ஏனென்றால் அக்காவின் விரல்கள் வீங்கி மோதிரம் சதையில் பதிந்திருந்தது, நாக்கு ஈரமாக இருந்தது, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, உடம்புச் சூடும் 38 டிகிரியைத் தாண்டவில்லை. வேகம் காட்டுவதற்காகக் கூடவே ஓடிய பேஸரிடம் கேட்டேன். "வழியில இருந்த ஒரு தண்ணி டேபிளையும் விடல டாக்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கிளாஸ், கையிலயும் ஒரு பாட்டில். நான்தான் குடிங்க குடிங்கன்னு சொல்லிட்டே வந்தேன்" என்றார். மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சோடியம் 121 என்று வந்தது. சாதாரணமாக லிட்டருக்கு 135-லிருந்து 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது. அதாவது, தண்ணீர் போதாமல் இல்லை, அளவுக்கு மேல் குடித்ததால் ரத்தத்தில் உள்ள உப்பு நீர்த்துப்போயிருந்தது.

அக்கா மறுநாளே வீடு திரும்பிவிட்டார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பேஸர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குழுவில் சேர்ந்த புதிதில் எனக்கும் சீனியர்கள் அதையேதான் சொல்லித்தந்தார்கள், டாக்டராக இருந்தும் நானும் சில வருடம் அதையே புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இப்போது உரக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நடப்பது இதுதான். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகின்றன. நீண்ட நேரம் ஓடும்போது, சிறுநீரைக் குறைத்துத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் வாசோப்ரெஸின் என்ற ஹார்மோன் உடம்பில் கூடுதலாகச் சுரக்கிறது. வீட்டில் சும்மா இருக்கும்போது நான்கு கிளாஸ் அதிகமாகக் குடித்தால் கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விடும், ஓடும்போது அப்படிப் போகாது, உள்ளேயே தங்கி ரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்க்கச் செய்யும். அப்போது தண்ணீர் செல்களுக்குள் புகும், செல்கள் வீங்கும். கையோ காலோ வீங்கினால் பெரிய மோசம் இல்லை. மண்டையோட்டுக்குள் இருக்கிற மூளைக்கு வீங்க இடம் இல்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், அப்புறம் வலிப்பு, மயக்கம் என்று போகும், சிலருக்கு உயிரே போயிருக்கிறது.

இது நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1985-லேயே இப்படிப்பட்ட நான்கு பேரைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் 1996-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு மணிக்கு 600 முதல் 1200 மில்லி வரை குடிக்கலாம் என்று பரிந்துரைத்தது, 'தாகம் எடுக்கும் முன்பே குடி' என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இதே காரணத்தால் இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது: 62 பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழே, மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. அதில் ஆபத்தோடு அழுத்தமாகப் பொருந்திய விஷயம், ஓடும்போது எடை கூடியிருந்தது. அதோடு, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள், மிக ஒல்லியானவர்கள் அல்லது மிகப் பருமனானவர்கள். குடித்தது வெறும் தண்ணீரா, ஸ்போர்ட்ஸ் டிரிங்கா என்பது ஒரு வித்தியாசத்தையும் காட்டவில்லை.

நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் யார்? நம்மைப் போன்ற குழுக்களில் முக்கால்வாசிப் பேர். மூன்று மணி நேரத்தில் முடிக்கிறவருக்குக் குடிக்க நேரமும் இல்லை, அந்த வேகத்தில் வயிறும் இடம் கொடுக்காது. ஆறு மணி நேரம் ரோட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது, வியர்வையும் மணிக்குக் கணக்குப் போட்டால் குறைவு. அதிலும் ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு, எண்பது கிலோ ஆணுக்குச் சொல்லும் அதே அளவை வாட்ஸாப்பில் எல்லாருக்கும் ஒன்றாக அனுப்புவது எவ்வளவு தப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தால் உப்பு கிடைக்குமே என்று கேட்பார்கள். கடையில் விற்கும் பெரும்பாலானவற்றில் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிமோல் சோடியம்தான் இருக்கும், நம் ரத்தத்தில் இருப்பது 140. அளவுக்கு மேல் குடித்தால் அதுவும் நீர்க்கத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படியான ஓஆர்எஸ்ஸில் 75 இருக்கிறது, பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைக்கச் சொன்னால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். இனிப்பான டெட்ரா பாக்கெட் பானங்களில் ஓஆர்எஸ் என்று போட்டு விற்றார்களே, அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது, எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. இளநீர் அருமையானதுதான், ஆனால் அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம், சோடியம் கொஞ்சம்தான். ஓடி முடித்து வீட்டுக்குப் போய் உப்புப் போட்ட மோர் குடியுங்கள், பசித்தால் ஊறுகாயோடு தயிர்சாதம் சாப்பிடுங்கள், அது நல்ல வழி.

இன்னொரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டத்துக்கு முந்தைய இரவு மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கி, காலையில் ஒன்று, இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் முட்டி வலித்தால் இன்னொன்று என்று போட்டுக்கொள்கிறார்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் எல்லாம் ஒரே குடும்பம். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. அந்தக் குறைந்த ஓட்டத்தையும் தாங்கிப் பிடிக்கிற புராஸ்டகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்களைத்தான் இந்த மாத்திரைகள் அடக்குகின்றன. அதோடு, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனின் வேலையையும் கூட்டிவிடுகின்றன. மாத்திரை இல்லாமல் ஓட முடியாத அளவுக்கு வலி இருக்கிறதா? அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள், சட்டையில் குத்தும் எண் அட்டையான பிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து கைதட்டுங்கள். பாராசிட்டமால் இந்தக் குடும்பம் இல்லை, ஆனால் வலியை மறைத்துக்கொண்டு 42.195 கிலோமீட்டர் ஓடுவதற்கு அதையும் நான் எழுதித் தர மாட்டேன்.

குளுக்கோஸ் ஏற்றுவது பற்றி: நம் ஊரில் யார் மயங்கினாலும் முதலில் கேட்கிறது டிரிப்தான். சோடியம் குறைந்து மூளை வீங்கத் தொடங்கியவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஏற்றினால் அதிலிருக்கிற சர்க்கரை உடம்பில் செலவாகிவிடும், மிஞ்சுவது வெறும் தண்ணீர். வழக்கமான சலைன்கூட அந்த நேரத்தில் நிலைமையை மோசமாக்கலாம். அவருக்கு வேண்டியது 3 சதவீத உப்புக் கரைசல், கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் கண்காணிப்பில். ஆகவே நண்பர் ஒருவர் குழம்பிப் பேசினால் டிரிப் கேட்டு எங்களை அவசரப்படுத்தாதீர்கள். எவ்வளவு குடித்தார், என்ன மாத்திரை போட்டார், எப்போதிலிருந்து மாறிப் பேசுகிறார் என்று சொல்லுங்கள், அதுதான் எங்களுக்குப் பெரிய உதவி.

இதைப் படித்துவிட்டுத் தண்ணீரே குடிக்காமல் யாரும் ஓட வேண்டாம். சென்னையில் ஜனவரியிலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. இருட்டில் கிளம்பினாலும் மெதுவாக ஓடுபவர்கள் கடைசி ஒன்றரை மணி நேரத்தை வெயிலில்தான் கழிக்கிறார்கள். வெப்ப மயக்கம் வந்தால், அதாவது உடம்பின் உள்சூடு 40-க்கு மேல் போய் ஆள் புத்தி தடுமாறினால், அந்த இடத்திலேயே ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் கழுத்துவரை அமுக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பெல்லாம் போட்டு மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். குளிர வைத்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். ஆனால் குடித்துக்கொண்டே ஓடினால் இது வராது என்று நினைப்பது தவறு. இதைத் தடுப்பது வேகத்தைக் குறைப்பதுதான். மணியைப் பார்த்து ஓடாமல் வெயிலைப் பார்த்து ஓடுங்கள் என்று எங்கள் கோச் சொல்வார், நூறு சதவீதம் சரி.

அப்படியென்றால் எவ்வளவு குடிப்பது? தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைத் தாண்டிப் போங்கள். 2015-ல் இதற்காகவே கூடிய நிபுணர்கள் சொன்னதும் தாகத்தை நம்பு என்பதுதான். உங்கள் உடம்பின் கணக்கு தெரிய வேண்டுமென்றால் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடுங்கள், வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் எடை குறைந்து முடிப்பது இயல்பு. எடை கூடியிருந்தால் நீங்கள் அதிகமாகக் குடிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

போன மாதத்திலிருந்து லாங் ரன் நாட்களில் என் கார் டிக்கியில் ஒரு எடை மெஷினும் பழைய நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன. முதல் நாள் அக்காதான் ஏறி நின்றார், இரண்டு மணி நேரம் கழித்து வந்து மறுபடி நின்றார், ஒன்றே கால் கிலோ குறைவு. குழுவில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகருக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள், கையோடு உலர்ந்த துண்டு ஒன்று கொண்டுவாருங்கள்.