மேட்டில் ஏறுவது இருக்கட்டும், எப்படி இறங்குவீர்கள்?

போடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வண்டி வாங்கப் போகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அண்ணே, பொலீரோவா, இன்னோவா கிரிஸ்டாவா? எது மேட்டுல நல்லா ஏறும்?" போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போய்வருகிற ஊர். கேட்கத்தான் செய்வார்கள்.

பொலீரோவில் 1,493 சிசி, மூன்று சிலிண்டர், 75 குதிரைத்திறன், 210 என்எம் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை). கிரிஸ்டா டீசலில் 2,393 சிசி, 150 குதிரைத்திறன், மேனுவல் கியரில் 343 என்எம். காகிதத்தில் போட்டியே இல்லை.  ஆனால் பொலீரோவின் நீளம் 3,995 மிமீதான். கிரிஸ்டா 4,735. தோட்டத்துக்குள் போகும் ஒற்றைப் பாதையில் வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த முக்கால் மீட்டரின் அருமை தெரியும். தினமும் ஆளும் மூட்டையும் என்றால் பொலீரோ, குடும்பத்தோடு கொச்சி வரை என்றால் கிரிஸ்டா. என் பதில் அவ்வளவுதான்.

இரண்டுமே பின்சக்கர இழுவை. (ஹைகிராஸும் இன்னோவாதான், ஆனால் அது முன்சக்கர வண்டி, அதன் கணக்கு வேறு.) ஏறும்போது பாரம் பின்னால் சாய்வதால் பின்சக்கரம் ரோட்டை நன்றாகக் கவ்வும். இறங்கும்போது பாரம் முன்னால் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும். பொலீரோவின் பின்னால் இருப்பது சுமைக்கென்று வைத்த கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). ஆளில்லாமல் காலியாக வந்தால் துள்ளும். மழையில் வளைவுக்குள் போனபிறகு சட்டென்று கியரைக் குறைத்தால் வால் வெளியே வீசும். கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். கிரிஸ்டாவில் காயில் ஸ்பிரிங், அடங்கி ஓடும். அதில் சிக்கலே அந்த அமைதிதான். வேகம் ஏறியது ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

போன மழையில் ஒரு தம்பி பொலீரோவைக் கொண்டுவந்தார். "பிரேக் மிதி உள்ளே போகுதுண்ணே." கழற்றிப் பார்த்தால் பிரேக் டிரம் சூட்டில் நீலம் பாரித்துக் கிடக்கிறது, லைனிங் தீய்ந்த வாடை, பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறம். டீசல் மிச்சமாகும் என்று மேலிருந்து நியூட்ரலில் விட்டிருக்கிறார். உண்மை நேர் எதிர். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இந்த இன்ஜின்களில் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் சும்மா ஓடுவதற்கு (ஐடிலிங்) டீசல் வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும்; நியூட்ரலில் அது இல்லை, வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்க பிரேக் தலையில் விழுகிறது. பிரேக் ஆயில் நாளாக ஆக ஈரத்தை இழுக்கும். சூட்டில் அந்த ஈரம் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொன்னால் பில் ஏற்றுகிறேன் என்று நினைக்கிறார்கள். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அப்போது பவர் பிரேக்கும் போச்சு, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

டிரம்மும் லைனிங்கும் மாற்றிக்கொண்டு போன தம்பி, ஒரு வாரம் கழித்து போன் செய்தார்.

"ரெண்டாம் கியர்ல இறங்குனா இன்ஜின் ரொம்பக் கத்துதேண்ணே?"

"கத்தட்டும்ப்பா" என்றேன்.