போர்ட் என்ற நான்கெழுத்து

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கிலீஷ் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரே எழுத்துக்கூட்டம் வரும் சொற்களை வரிசையாக எழுதிப் பாடமாக்கும் வழக்கம் உண்டு. பி, ஓ, ஆர், ரி என்ற நான்கெழுத்தை எடுத்தால் கொழும்பில் ஒரு நாளில் காதில் விழுவதே போதும்: பாஸ்போர்ட், எயார்போர்ட், ரிப்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட். எழுத்து ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. லத்தீனில் இங்கே மூன்று சொற்கள் நிற்கின்றன. போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்வது. மூன்றுக்கும் மிகப் பழைய வேர் ஒன்றுதான். ‘கடந்து போதல்’ என்பது அதன் கருத்து.

முதலில் துறைமுகம். துறை என்பது நீரில் இறங்கும் இடம். பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என்று வடக்கில் ஊர்ப் பெயர்களிலேயே அது இருக்கிறது. கொழும்பில் களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். துவாரம் வடமொழியில் வாசல். துறையையும் வாசலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் லத்தீன்காரர் மட்டுமல்ல என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி.

ஆனால் கொழும்பில் பேசும்போது போர்ட் என்றோ துறைமுகம் என்றோ சொல்பவர் குறைவு. ‘அவர் ஹாபர்ல வேலை’ என்றுதான் வரும். ஹாபர் வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் அது படைக்குத் தங்குமிடம், ஒதுங்கும் இடம் என்ற பொருளில் பிறந்தது. கொழும்புக்கு அந்தச் சொல் பொருந்த வெகுநாள் ஆனது. தென்மேற்குப் பருவக்காற்றில் இங்கே கப்பலுக்கு ஒதுக்கிடம் கிடையாது; பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போயின. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி, 1885இல் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்த பிறகுதான் கொழும்பு உண்மையான ஹாபர் ஆனது.

பாஸ்போர்ட் பிரெஞ்சு வழியாக வந்தது. கடந்து போவதற்கான அனுமதி என்பது கருத்து. கடப்பது துறைமுகத்தையா நகர வாயிலையா என்பதில் இரு கட்சி உண்டு. தமிழில் கடவுச்சீட்டு. இந்தச் சொல் செயற்கையாக இருக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. இலங்கைக்காரருக்கு அந்தச் சிரமம் இருக்கத் தேவையில்லை. காலி வீதியில் பாதசாரிகள் கடவை இருக்கிறது, தண்டவாளம் குறுக்கிடும் இடத்தில் புகையிரதக் கடவை இருக்கிறது. கடவை தெரிந்தவருக்குக் கடவுச்சீட்டு தானாகவே விளங்கும். வாயால் சொல்லும்போது பாஸ்போர்ட் என்றே வந்தாலும் குற்றமில்லை; எழுத்தில் கடவுச்சீட்டு நன்றாக நிற்கிறது.

இனிச் சுமப்பது. எக்ஸ்போர்ட் என்றால் வெளியே சுமந்து செல்வது, இம்போர்ட் என்றால் உள்ளே சுமந்து வருவது. ஆங்கிலச் சொல் திசையைப் பார்க்கிறது. தமிழ் அப்படிப் பார்க்கவில்லை. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும் கப்பலின் வயிற்றை வைத்துப் பிறந்தவை: சரக்கை ஏற்றினால் வெளியே போகும், இறக்கினால் நாட்டுக்குள் வரும். காலிமுகத்திடலில் நின்று பாரந்தூக்கிகள் பெட்டிகளைத் தூக்குவதைப் பார்ப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆனால் பழைய தமிழில் ஏற்றம் எதிர்ப்பக்கமாக இருந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகத்தைச் சொல்லும் பட்டினப்பாலை ‘நீரினின்றும் நிலத்து ஏற்றவும், நிலத்தினின்று நீர்ப் பரப்பவும்’ என்கிறது. அங்கே ஏற்றுவது கடலிலிருந்து கரைக்கு. அதாவது இன்றைய இறக்குமதி! கரையில் நிற்பவன் பார்வை அது, கப்பலில் நிற்பவன் பார்வை இது. அந்தத் துறையில் வந்து குவிந்த பண்டங்களின் வரிசையில் ‘ஈழத்து உணவும்’ இருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட மனமில்லை.

போர்ட்டர் என்ற சொல்தான் எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் அது ஒரே எழுத்தில் எழுதும் இரண்டு சொற்கள். ஒன்று போர்ட்டாவிலிருந்து வந்த வாயிற்காவலர், மற்றது போர்ட்டாரேயிலிருந்து வந்த சுமைதூக்குபவர். அகராதியில் சுமைகூலி என்று போட்டிருக்கும். புறக்கோட்டையில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அங்கே அவர் நாட்டாமை. நான்காம் குறுக்குத் தெருவில் காலையில் பருப்பு மூட்டையும் வெங்காய மூட்டையும் முதுகில் சரிய, கழுத்தை முன்னுக்கு நீட்டி, லொறிக்கும் கடைக்கும் நடுவே ‘வழி, வழி’ என்று வருகிறாரே, அவர்தான். சிங்களத்திலும் நாட்டாமி என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இதைக் கேட்டால் திகைத்துப்போவார். அவருக்கு நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்பவர். போர்ட்டருக்குத் தமிழ் என்ன என்று பிள்ளை கேட்டால், கொழும்பில் நாட்டாமை என்று தாராளமாக எழுதச் சொல்லலாம். அகராதி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தெரு ஒத்துக்கொள்ளும்.

மற்றவை எளிது. டிரான்ஸ்போர்ட் அக்கரைக்குச் சுமப்பது; போக்குவரத்து என்ற தமிழ்ச் சொல்லில் போவதும் வருவதும் இருக்கிறது, சுமை இல்லை. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) என்ற மூன்றெழுத்தின் நடுவில் நிற்பதும் அதுதான். ரிப்போர்ட் திரும்பச் சுமந்து வருவது. அலுவலகத்தில் அறிக்கை சரி, ஆனால் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அறிக்கை என்றால் ஏதோ அரசியல் கட்சி வெளியிட்டதுபோல் கேட்கும். முடிவு என்றாலே போதும். சப்போர்ட் கீழிருந்து தாங்குவது: ஆதரவு, ஒத்தாசை. டிபோர்ட் நாடுகடத்தல். போர்ட்ஃபோலியோ தாள்களைச் சுமக்கும் பை. அமைச்சர்கள் கைக்கு வந்ததும் இலாகா ஆகிவிட்டது. ஸ்போர்ட் கூட இந்தக் குடும்பம்தான். மனத்தை வேலையிலிருந்து வேறுபக்கம் கொண்டுபோவது என்ற டிஸ்போர்ட்டின் தலை வெட்டுப்பட்டு மிஞ்சியது அது. கணினியின் போர்ட்டைச் சில சொற்பட்டியல்கள் துறை என்கின்றன. வயர் நுழையும் இடத்துக்குத் துறையைவிட வாயில் பொருத்தம்.

ஒப்பர்ச்சூனிட்டி என்பதில் போர்ட் நடுவில் நின்று ஒலி மாறிவிடுவதால் பிள்ளைகள் அதை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேர்க்கலாம். துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றுக்கு லத்தீனில் சொன்ன சொல் அது. பாய்க்கப்பல்காரனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன?

அப்புறம், வேண்டாத விருந்தாளிகளும் உண்டு. போர்ஷன் பங்கைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்தது. போர்ட்ரெய்ட் ‘வெளியே இழுத்து வரைதல்’ என்ற பொருளுள்ள சொல்லின் சிதைவு; எழுத்து மட்டும்தான் ஒத்துப்போகிறது. போர்த்துக்கல் அப்படியல்ல. போர்ட்டுஸ் காலே என்ற பழைய துறைமுகத்தின் பெயரே நாட்டுக்கும் ஆனது. 1505இல் இலங்கைக்கு வந்து, பிறகு கொழும்பில் கோட்டை கட்டியவர்கள் அந்த நாட்டார். அந்தக் கோட்டைக்கு ஆங்கிலத்தில் ஃபோர்ட். அதுவும் ஓ, ஆர், ரி என்றுதான் முடிகிறது. ஆனால் வலிமை என்ற வேரிலிருந்து வந்த, இந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத சொல்.