‘பிரேக் வெளியீடு’ அன்று, ‘பிரேக் தளர்த்தல்’

ரயில் சிமுலேட்டருக்கான, அதாவது ரயிலோட்டத்தைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருளுக்கான, தமிழ்க் குறிப்புகளில் ‘பிரேக் ரிலீஸ்’ (போட்ட பிரேக்கை எடுத்தல்) என்பதற்குப் ‘பிரேக் வெளியீடு’ என்ற தொடரை அண்மைக்காலமாக அடிக்கடி காண்கிறேன். ரிலீஸ் என்ற சொல் எங்கு வந்தாலும் ‘வெளியீடு’ என்று எழுதிவிடும் பழக்கத்தின் விளைவு இது. நூலுக்கும் மென்பொருளுக்கும் வெளியீடு உண்டு; பிரேக்குக்கு வெளியீடு கிடையாது. காற்று பிரேக்கைப் பொறுத்தவரை இந்தச் சொல் அது குறிக்க வேண்டிய செயலையே தலைகீழாக்கிக் காட்டுகிறது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிலீஸ், ரிலாக்ஸ் ஆகிய இரண்டும் லத்தீனின் ‘ரெலக்ஸாரே’ என்ற வினையிலிருந்து வந்தவை. தளர்ந்தது என்று பொருள்படும் ‘லக்ஸுஸ்’ அதன் அடி. ஆகவே தளர்த்துதலே முதற்பொருள். விடுதலை செய்தலும் வெளியிடுதலும் பின்னர்க் கிளைத்தவை. தமிழ் ‘வெளியீடு’ என்பதோ ‘வெளியிடு’ என்ற வினையில் ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆனதால் பிறந்தது; உள்ளிருந்ததை வெளியே இடுதல் என்பதே அதன் பொருள்.

காற்று பிரேக்கில் எது எப்போது வெளியே போகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உருவாக்கிய முதல் அமைப்பில், ரயில் நெடுகிலும் செல்லும் குழாய்வழியே, பிரேக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்தும் சிலிண்டருக்குக் காற்றை நேரே அனுப்பினால் பிரேக் பிடித்தது. குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லாமற்போயிற்று. இந்தக் குறையைத் தீர்க்க 1872-இல் அவர் முறையைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துணைக் காற்றுக்கலம் வைக்கப்பட்டது. குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்தக் கலத்தின் காற்று சிலிண்டருக்குள் புகுந்து பிரேக் இறுகும். குழாயில் அழுத்தம் ஏறினால் சிலிண்டரின் காற்று வெளியேறிப் பிரேக் தளரும். இந்த மாற்றங்களை நடத்தும் வால்வுக்கு ஆங்கிலத்தில் ‘ட்ரிபிள் வால்வு’ என்று பெயர்; அதை ‘மூவழி வால்வு’ என்று எழுதுவோரும் உண்டு. அந்த ஆங்கிலப் பெயரில் உள்ள மூன்று, நிரப்புதல், இறுக்குதல், தளர்த்துதல் என்னும் மூன்று வேலைகளைக் குறிப்பது, வழிகளை அன்று. ‘முத்தொழில் வால்வு’ என்றால் பெயரும் பொருந்தும், தமிழ்க் காதுக்கும் பழகியதாக இருக்கும்.

ஆக, ஓட்டுநர் பிரேக் போடும்போதுதான் குழாயிலிருந்து காற்று வெளியே போகிறது. பிரேக்கை எடுக்கும்போது குழாய்க்குள் காற்று போகிறது. ‘வெளியீடு’ என்று படிக்கும் புதியவர் இதற்கு நேர்மாறாகவே புரிந்துகொள்வார். எனக்குத் தெரிந்த ஒருவர், சரக்குப் பெட்டிக்குரிய அமைவுக் கோப்பில் ‘வெளியீட்டு வீதம்’ என்று விளக்கப்பட்டிருந்த எண்ணைக் குழாய் காலியாகும் வேகம் என்று எண்ணினார். பிரேக் விரைவாகப் பிடிக்கட்டும் என்று அதைப் பல மடங்கு உயர்த்தினார். பிரேக் முன்பு போல மெதுவாகவே பிடித்தது. ஆனால் நீளமான சரக்கு ரயிலின் பிரேக் இரண்டே வினாடியில் விட்டுப்போயிற்று. பிழை அவருடையது அன்று, அந்தச் சொல்லுடையது.

‘வெளியீடு’ தவறு என்று ஒப்புக்கொள்வோரிலும் ஒரு சாரார் ‘வெளியேற்றம்’ என்று திருத்த முற்படுகின்றனர். சிலிண்டரிலிருந்து காற்று உண்மையாகவே வெளியேறுகிறதே என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் உண்மை இருப்பதாலேயே அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் நான் ஏற்காமைக்குக் காரணங்கள் உண்டு. முதலாவதாக, காற்று வெளியேறுவது பிரேக் போடுவதிலும் உண்டு, எடுப்பதிலும் உண்டு. இரண்டுக்கும் பொதுவான நிகழ்வை ஒன்றுக்கு மட்டும் பெயராக்கினால் மற்றதை எப்படி விளக்குவது? அடுத்து, சிலிண்டரின் காற்றுப்போக்கி வாய்க்கு ‘வெளியேற்றம்’ என்ற சொல் கட்டாயம் தேவை. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வேறு சொல் தேட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக்கை எடுப்பது என்பது சக்கரத்தை அழுத்திய கட்டை பிடியை விடுவது. காற்று அதற்குக் கருவி மட்டுமே. கையால் திருகும் பிரேக்கில் காற்றே இல்லை. அதற்கும் பொருந்தும் சொல்லே நல்ல சொல்.

‘விடுவிப்பு’ என்ற மூன்றாவது முயற்சி, கைதிக்கும் நிதிக்கும் பயன்படும் அலுவலகச் சொல். ‘பிரேக்கை விடு’ என்ற பேச்சுவழக்கு அதைவிட உயிருள்ளது என்றாலும், ‘காற்று விடு’ என்னும்போது குழாய்க்குள் விடுவதா, குழாயிலிருந்து விடுவதா என்ற ஐயம் எழுகிறது.

இறுகுதல், தளர்தல் என்ற இணை இந்த இடர்கள் எதுவுமின்றித் தமிழில் முன்பே இருக்கிறது. சிமுலேட்டரை அமைப்பவருக்கு இதில் இன்னொரு பெரும் பயனும் உண்டு. இன்ஜினின் கோப்பிலும் பெட்டியின் கோப்பிலும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில் இரண்டு வீதங்கள் வருவதுண்டு. இன்ஜினில் இருப்பது ஓட்டுநரின் கைப்பிடி குழாய் அழுத்தத்தை எவ்வளவு விரைவாக ஏற்றும் என்பது. பெட்டியில் இருப்பது சிலிண்டரின் அழுத்தம் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பது. ஒன்றில் எண் ஏறுவதையும் மற்றொன்றில் இறங்குவதையும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பத்தையே வளர்க்கும். தமிழ் இலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் பிரித்து வைத்திருக்கிறது: ஓட்டுநர் செய்வது தளர்த்தல், பெட்டியில் நிகழ்வது தளர்தல். ஆகவே இன்ஜினுக்குத் ‘தளர்த்து வீதம்’, பெட்டிக்குத் ‘தளர்வு வீதம்’ என்று எழுதலாம்.

எண்களோடு வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவு எவ்வளவு தேவை என்பது தெரியும். ஐரோப்பிய முறையில் குழாயின் இயல்பு அழுத்தம் 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), அது 3.5 பாருக்கு இறங்கினால் பிரேக் முழுமையாக இறுகிச் சிலிண்டரில் 3.8 பார் வரை நிற்கும். அங்கிருந்து 0.4 பாருக்கு இறங்கச் சரக்கு வண்டி முறையில் 45 முதல் 60 வினாடியும், பயணியர் வண்டி முறையில் 15 முதல் 20 வினாடியும் ஆகும். ஆகவே சரக்குப் பெட்டியின் தளர்வு வீதம் வினாடிக்கு ஏறத்தாழ 0.07 பார், பயணியர் பெட்டிக்கு 0.2 பார். இன்ஜினின் தளர்த்து வீதம் இதற்குக் கட்டுப்பட்டதன்று.

‘தளர்வு’ என்றால் பெட்டிகளுக்கிடையேயான இணைப்பின் தொங்கலும் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்டார். அதற்குத் ‘தொய்வு’ இருக்கிறது. தளர்வு என்பது அரைகுறையானது, முழுமையாக எடுப்பதைக் குறிக்காது என்ற மறுப்பும் வந்தது. கொஞ்சமாகவும் தளரலாம், முழுவதுமாகவும் தளரலாம் என்பதே இச்சொல்லின் வலிமை. ஐரோப்பிய வால்வுகளில் பிரேக்கைச் சிறிது சிறிதாகக் குறைக்க முடியும், அது படித்தளர்வு. வட அமெரிக்கச் சரக்கு ரயில்களில் குழாய் அழுத்தம் சற்றே ஏறினாலும் பிரேக் முழுவதும் விட்டுவிடும், அது முழுத்தளர்வு. சிமுலேட்டரில் இவற்றுள் தவறானதைத் தேர்ந்தால், மற்ற எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் இறக்கத்தில் ரயில் உண்மையானதைப் போல நடந்துகொள்ளாது.

முழுத்தளர்வு உள்ள ரயிலை நீண்ட இறக்கத்தில் காப்பதற்கென்றே பெட்டிகளில் தேக்கு வால்வு வைக்கிறார்கள். அதன் வேலையை ‘வெளியீடு’ என்ற சொல்லைக் கொண்டு விளக்கியவர் எவரையும் நான் கண்டதில்லை. உரிய சொற்களால் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: ஓட்டுநர் தளர்த்துகிறார், குழாயும் துணைக் கலமும் மறுபடி நிரம்புகின்றன, தேக்கு வால்வு சிலிண்டரின் வெளியேற்றத்தை ஓரளவுக்குமேல் விடாமல் மறிக்கிறது, அதனால் பிரேக் முழுவதும் தளர்வதில்லை.