கித்தார்: சொல் வந்த வழி

கித்தார் (பெயர்ச்சொல்): நடுவில் இடுப்பு போல ஒடுங்கிய மரப்பெட்டியும், நீண்ட கழுத்தும், அதன்மேல் பதித்த உலோக மெட்டுகளும் (விரல் வைத்து அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள்), பொதுவாக ஆறு தந்திகளும் கொண்ட நரம்புக்கருவி. விரலாலோ சிறு வில்லையாலோ மீட்டுவார்கள். கிட்டார், கிடார், கிதார் என்றும் எழுதுகிறார்கள். இவற்றில் எது சரி என்று கேட்பவர்களுக்குச் சொல்லின் பயணத்திலேயே பதில் இருக்கிறது.

வேர் கிரேக்கம். அங்கே 'கிதாரா' என்று ஒரு கருவி இருந்தது. ஹோமரின் காவியங்களிலேயே 'கிதாரிஸ்' என்ற பழைய வடிவம் வருகிறது. ஆனால் அந்தக் கருவிக்குக் கழுத்தே கிடையாது. அடியில் ஒரு மரப்பெட்டி, அதிலிருந்து மேலெழும் இரண்டு கைகள், இரண்டையும் இணைக்கும் குறுக்குக்கட்டை, அதிலிருந்து பெட்டிக்கு இழுத்துக் கட்டிய நரம்புகள். மெட்டில் வைத்து அழுத்தி ஒரே நரம்பில் பல சுரம் எடுக்கும் வசதி அதில் இல்லை. நம் யாழும் அப்படித்தான். ஆக, பழைய கிதாரா யாழுக்கு உறவு. அதன் பெயரைச் சுமந்து வந்த இன்றைய கித்தார் வீணைக்கு உறவு. பெயர் ஒரு கருவியை விட்டு இன்னொரு கருவிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம் 5:8-இல் கிரேக்க மூலம் 'கிதாரா' என்று சொல்லும் இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு 'சுரமண்டலம்' என்கிறது. மொழிபெயர்த்தவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். அங்கே கித்தார் என்று போட்டிருந்தால் தவறான கருவி மனதில் வந்திருக்கும்.

கிரேக்கச் சொல்லை லத்தீனும் எடுத்துக்கொண்டது, அரபும் எடுத்துக்கொண்டது. இரண்டு மொழிகளும் ஸ்பெயினில் சந்தித்தன. ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி தங்கள் 'கிதார்ரா' அரபு வழியாக வந்தது என்றும், அரபுக்கு அரமேயத்திலிருந்தும் அதற்குக் கிரேக்கத்திலிருந்தும் வந்தது என்றும் காட்டுகிறது. ஸ்பானியத்திலிருந்து பிரெஞ்சு, அப்புறம் ஆங்கிலம்.

சிதாரோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. சிதார் பாரசீகச் சொல்: 'சே' என்றால் மூன்று, 'தார்' என்றால் தந்தி. ஒலி ஒத்திருக்கிறது என்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. கிரேக்கத்தில் 'கிதாரா'வைப் பிரித்தால் தந்தி எதுவும் கிடைக்காது.

சரி, கருவிக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் கித்தார் சின்னது. நான்கே வரிசை நரம்பு, பெரும்பாலும் இரட்டை இரட்டையாக. 1546-இல் ஸ்பானிய இசைக்கலைஞர் அலோன்சோ முதார்ரா அதற்கான இசையை அச்சிட்டார். பின்னர் ஐந்து வரிசை ஆனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆறு ஒற்றை நரம்புகள் நிலைபெற்றன. நரம்பு என்றால் உண்மையிலேயே குடல் நரம்பு; நைலான் 1940-களில்தான் வந்தது.

இன்றைய கித்தாரின் உருவத்தை முடிவு செய்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அந்தோனியோ தெ தோர்ரெஸைத்தான் சொல்வேன். ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த தச்சர். 1817-இல் பிறந்து 1892-இல் மறைந்தார். பெட்டியைப் பெரிதாக்கினார், தந்தியின் அதிரும் நீளத்தை ஏறத்தாழ 65 செ.மீ. என்று வைத்தார், மேற்பலகையை மெலிதாக இழைத்து அதன் உட்புறம் விசிறி விரித்ததுபோல் மெல்லிய சட்டங்களை ஒட்டினார். ஒலியைத் தருவது மேற்பலகைதான் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க 1862-இல் ஒரு கித்தார் செய்தார்: மேற்பலகை மட்டும் மரம், முதுகும் பக்கங்களும் காகித அட்டை. அந்தக் கருவி இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கைவினைஞர் தன் கருத்தை இவ்வளவு துணிச்சலாகச் சோதித்துக் காட்டியது எனக்குத் தீராத வியப்பு. எஃகுத் தந்தி கித்தார் அமெரிக்காவில் வளர்ந்தது. மின் கித்தார் 1930-களில் அங்கேயே பிறந்தது.

இனி, தமிழில் என்ன சொல்வது? யாழ் என்பது பொருந்தாது. காரணம் மேலே இருக்கிறது. 'நரம்பிசைக்கருவி' என்றால் வீணை, வயலின், தம்புரா எல்லாமே அதில் அடங்கும். பெயரை அப்படியே ஏற்று, தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுவதே நல்லது. 'கிட்டார்' ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றுவது; வழக்கில் அதுவே அதிகம், பிழையும் இல்லை. 'கிதார்' என்று எழுதினால் நடுவில் தனியாக நிற்கும் த மெலிந்து ஒலிக்கும். ஸ்பானியத்தின் அழுத்தமான, பல்லில் படும் தகரம் வேண்டுமென்றால் 'கித்தார்' என்று இரட்டிக்க வேண்டும். சொல்முதல் ககரத்தைத் தமிழில் வல்லொலியாகவே படிப்பதால், இந்த வடிவம் கிரேக்க 'கிதாரா'வுக்கும் பக்கத்தில் போய் நிற்கிறது. என் தேர்வு இதுதான்.

உறுப்புகளுக்கோ புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. வீணைக்காரர்கள் சொல்லும் மெட்டு, குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை), பிரடை (தந்தியை முறுக்கும் திருகு), தந்தி எல்லாம் அப்படியே பொருந்தும். வீணையில் மெட்டுகளை மெழுகில் உயர்த்திப் பதிப்பார்கள், கித்தாரில் மரத்திலேயே இறக்கிவிடுவார்கள். ஆனால் இரண்டிலும் பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில்தான் விழும். பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் 'கார்டு'க்கு மட்டும் நம் மரபிசையில் இணை இல்லை. அதைக் கார்டு என்றே எழுதலாம்.